வயலின் இல்லாமல் ஒரு வயலின் வகுப்பு

வாசிக்கத் தெரிந்தவனுக்குச் சொல்லிக்கொடுப்பது ஒரு வேலையே இல்லை என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன். பிள்ளைகளை எதிரே உட்கார வைக்க வேண்டியது, நாம் பாட்டுக்கு வாசிக்க வேண்டியது, அவ்வளவுதான். ஜலதோஷம் தொற்றுவதுபோல சங்கீதமும் தொற்றிக்கொள்ளும். இந்த அபாரமான அறிவை மூலதனமாக வைத்துக்கொண்டு, தலையில் பாதி நரைத்த பிறகு, தஞ்சாவூரில் இசை ஆசிரியர் பயிற்சியில் சேர்ந்தேன்.

அதற்கு முன் நான் பக்கவாத்திய வயலின்காரன். கோயில் உற்சவக் கச்சேரி, நாட்டிய அரங்கேற்றம், கல்யாண ரிசப்ஷன் என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போவேன். பக்கவாத்தியம் என்பது ஒரு தனிக் கலை. பாடுகிறவருக்கு ஒரு இம்மி பின்னாலேயே போக வேண்டும். அவர் சுருதியை விட்டு விலகினால், விலகியது சபைக்குத் தெரியாமல் இழுத்து மூட வேண்டும். அவர் தாளத்தைக் கோட்டை விட்டால், விட்டது நான்தான் என்பதுபோல் முகத்தை வைத்துக்கொள்ள வேண்டும். ஒருமுறை நன்னிலம் பக்கத்தில் ஒரு பாகவதர் சரணத்தை மொத்தமாக மறந்துபோனார். நான் வாசித்துச் சமாளித்தேன். கடைசியில் அவருக்குப் பொன்னாடை, எனக்கு ஒரு வாழைப்பழத் தாம்பூலம். அதில் எனக்கு வருத்தமே இல்லை. தப்பு வெளியே தெரியாமல் பார்த்துக்கொள்வதுதான் என் தொழில்.

பிறகு அரங்கேற்றங்களுக்குப் பென் டிரைவ் வந்துவிட்டது. அதற்குச் சாப்பாடு போட வேண்டாம், கார் அனுப்ப வேண்டாம், மேடையில் கோபித்துக்கொள்ளவும் அதற்குத் தெரியாது. என்னைக் கூப்பிடுவது குறைந்தது. பள்ளிகளில் பகுதிநேர இசை ஆசிரியர் வேலை இருக்கிறது, ஆனால் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். சான்றிதழுக்கு ஒரு பள்ளியில் போய்ப் பாடம் நடத்திக் காட்ட வேண்டும். மேற்பார்வையாளர் வந்து பின்னால் உட்கார்ந்து பார்த்துத் ‘தேர்ச்சி’ என்று எழுத வேண்டும். எழுதாவிட்டால் அந்த வருஷம் முழுவதையும் மறுபடி படிக்க வேண்டும். என்னோடு படித்தவர்கள் எல்லாம் என் பெண் வயதுப் பிள்ளைகள். என்னை ‘அங்கிள்’ என்று கூப்பிட்டார்கள். இன்னொரு பட்டாளம் வந்து இன்னொரு வருஷம் என்னை அங்கிள் என்று கூப்பிடுவதை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

எனக்குக் கிடைத்தது குடவாசல் பக்கம் ஒரு பள்ளிக்கூடம். அங்கே படித்து வெளிநாட்டில் வேலை பார்க்கும் யாரோ ஒரு புண்ணியவான், தான் படித்த பள்ளிக்கு நல்லது செய்வதாக நினைத்து, ஒரு டஜன் வயலின் வாங்கி அனுப்பியிருந்தார். யார் சொல்லிக்கொடுப்பது என்று அவர் யோசிக்கவில்லை. அது என் தலையில் விழுந்தது.

குறுவை அறுவடை சமயம். பள்ளிக்குப் பின்னால் வயலில் அறுவடை மிஷின் காலையிலிருந்து உறுமிக்கொண்டே இருக்கும். அதன் சுருதி நம் சுருதியோடு சேரவும் சேராது, முழுசாக விலகவும் விலகாது. ஈரக் காற்றில் அந்த மலிவு வயலின்களின் பிரடைகள், அதாவது கம்பி முறுக்கும் மரக் குமிழ்கள், ஒன்றாவது நின்ற இடத்தில் நிற்க வேண்டுமே. கம்பியை முறுக்கிச் சுருதி சேர்த்துவிட்டு அடுத்த வயலினுக்குப் போவதற்குள் முதல் வயலின் தளர்ந்துபோய்ப் பூனைபோல முனகும். பிரடைகளில் சாக்பீஸ் தூளைத் தடவினேன். கொஞ்சம் பிடித்தது. ஆனால் சட்டையெல்லாம் வெள்ளையாகி, பார்ப்பதற்கு ஏதோ மாவு மில்லிலிருந்து வந்தவன் மாதிரி இருப்பேன். சுருதி சேர்த்து முடிக்கும்போது மணி அடித்துவிடும். முதல் வாரம் முழுக்க நான் நடத்திய பாடம் ‘கம்பி முறுக்குதல்’.

உட்கார வைப்பது இன்னொரு கூத்து. நம் ஊர் வழக்கப்படி சம்மணம் போட்டு, வயலினின் சுருள் முனையைக் காலில் ஊன்ற வேண்டும். பையன்களின் பேண்ட் சம்மணத்துக்கு ஒத்துவரவில்லை. பெண்பிள்ளைகளின் துப்பட்டா பிரடைகளில் சிக்கியது. ஒருத்தியை விடுவிப்பதற்குள் இன்னொருத்தி மாட்டிக்கொள்வாள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இதையெல்லாம் பயங்கர சந்தோஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கணக்குப் பீரியடில் இப்படி ஒன்றும் நடப்பதில்லை போல.

பாடக் குறிப்பு எழுத வேண்டும் என்றார்கள். ‘நோக்கம்’ என்ற இடத்தில், ‘மாணவர்கள் சங்கீதத்தின் ஆனந்தத்தை உணர்வார்கள்’ என்று எழுதினேன். என் மேற்பார்வையாளர் முப்பது வயதுகூட ஆகாத ஒரு பெண். நான் அவரை மேடம் என்றும் அவர் என்னை சார் என்றும் கூப்பிட்டுக்கொள்வோம். இருவருக்குமே அது கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. குறிப்பைப் படித்துவிட்டு, ஆனந்தத்தை எப்படி அளப்பீர்கள் என்று கேட்டார். கேலியில்லை, நிஜமாகவே பதில் எதிர்பார்த்து நின்றார். நான் அதை அடித்துவிட்டு, ‘மாணவர்கள் வில்லை நேராக இழுப்பார்கள்’ என்று எழுதினேன். அளக்கக்கூடியதுதான். ஆனால் நடக்கக்கூடியதாகத் தெரியவில்லை.

எப்படியோ சரளி வரிசைக்கு வந்து சேர்ந்தோம். ஸ ரி க ம, ஏறி இறங்கும் முதல் பாடம். இங்கேதான் எனக்கு ஆச்சரியம் காத்திருந்தது. பிள்ளைகள் பிரமாதமாக வாசித்தார்கள். நான் வாசித்தேன், அவர்களும் வாசித்தார்கள், வகுப்பறை நிறைந்தது. கொஞ்சம் வேகம் குறைந்தால் நானும் குறைத்துக்கொண்டேன். எங்கேயாவது தடுமாறினால் நான் அழுத்தி வாசித்து நிரப்பிவிட்டேன். வராண்டாவில் போன தலைமையாசிரியர் நின்று கேட்டார். “சார், கேசட் போட்ட மாதிரி இருக்கு” என்றார். நான் அடக்கமாகச் சிரித்துவைத்தேன். ஜலதோஷம் தொற்றிவிட்டது என்று வீட்டில் போய்ச் சொன்னேன்.

என் மனைவி கணக்கு டீச்சர். இருபது வருஷமாக வகுப்பறைக்குள்ளேயே இருப்பவள். “மூணு வாரத்துலயா?” என்று மட்டும் கேட்டாள். பொறாமை என்று எடுத்துக்கொண்டேன்.

மேடம் பார்வையிட வந்த அன்று நான் பட்டுக்கரை வேட்டி கட்டிக்கொண்டு போனேன். பிள்ளைகள் பாடத்தைத் தொடங்கினார்கள், வழக்கம்போல நானும் கூடவே வாசித்தேன். கம்பீரமாகப் போய்க்கொண்டிருந்தது. மேடம் கடைசியிலிருந்து எழுந்து, வரிசைகளுக்கு நடுவே மெதுவாக நடந்து, குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டே என் பக்கத்தில் வந்து நின்றார்.

“சார், உங்க வில்லைக் கொஞ்சம் குடுங்க.”

வாசித்துக் காட்டப் போகிறார் என்று நினைத்து, பெருந்தன்மையோடு கொடுத்தேன். அவர் அதை வாங்கிக் கையிலேயே வைத்துக்கொண்டு பிள்ளைகளைத் தொடரச் சொன்னார்.

பின்னால் அறுவடை மிஷின் சத்தம் மட்டும் கேட்டது. இரண்டு மூன்று வயலின்களிலிருந்து கொசு ரீங்காரம்போல ஏதோ வந்தது. மற்றவர்கள் கை அசைகிறது, வில் போகிறது, வருகிறது, சத்தம் இல்லை. முன்வரிசையில் இருந்த ஒரு பெண்ணை உற்றுப் பார்த்தேன். அவள் வில் கம்பிக்கு ஒரு விரல் மேலே, காற்றில் போய்க்கொண்டிருந்தது. ரொம்ப நேராக, அழகாகத்தான் போனது.

“கம்பியில படவே இல்லையேம்மா?” என்றேன்.

“படாது சார்.”

“எத்தனை நாளா இப்படி?”

“ஆரம்பத்துலேர்ந்தே சார். பட்டா அசிங்கமா சத்தம் வருது சார். நீங்கதான் நல்லா வாசிக்கிறீங்கள்ல, எதுக்குக் கெடுக்கணும்?”

ஒரு பையன் ஆமாம் என்று தலையாட்டினான். வகுப்பே ஒரு நல்ல காரியம் செய்த முகத்தோடு என்னைப் பார்த்தது. எனக்குக் காது சூடாகிவிட்டது. தலைமையாசிரியர் கேட்ட கேசட் முழுக்க நான்தான்.

வகுப்பு கலைந்த பிறகு மேடம் வில்லைத் திருப்பிக் கொடுத்தார். கோபமாகப் பேசியிருந்தால்கூடச் சமாளித்திருப்பேன். அவர் ரொம்பப் பொறுமையாகப் பேசினார்.

“நீங்க அவங்களுக்குப் பக்கவாத்தியம் வாசிக்கிறீங்க சார். அவங்க நின்னா நிக்கிறீங்க, தப்பு பண்ணினா மூடிடுறீங்க. அவங்க தப்பை அவங்களே இன்னும் கேக்கலை.”

அது என் தொழில் மேடம் என்றேன். தெரியும் என்றார். அடுத்த முறை வருவதுதான் கடைசிப் பார்வை, அன்றைக்கு என் கையில் வயலின் இருக்கக் கூடாது, இருந்தால் தன்னால் தேர்ச்சி என்று எழுத முடியாது என்று சொல்லிவிட்டு பஸ் பிடிக்கப் போனார்.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. வயலின் இல்லாத நான் யார்? இரண்டு கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாத ஒரு ஆள். மேடையில் கூட்டத்தைப் பார்த்துப் பேசியதே இல்லை. வாயைத் திறக்க வேண்டிய அவசியம் இல்லாத வேலை என்பதால்தான் அந்த வேலைக்கே போனேன். ஊரை விட்டு ஓடிவிடலாமா என்று யோசித்தேன். பேராவூரணியில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் சகலையிடம் மேஸ்திரி வேலை ஏதாவது இருக்குமா என்று போனில் நூல் விட்டும் பார்த்தேன். “தேங்காய் உரிக்கத் தெரியுமா?” என்றார். அதற்கும் பயிற்சி கேட்பார்கள் போலிருந்தது.

வீட்டில் மனைவியை மாணவியாக உட்கார வைத்துப் பாடம் நடத்திப் பார்த்தேன். கையில் தோசைக் கரண்டியை வில்லாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவள் வேண்டுமென்றே தப்பாக இழுக்க இழுக்க, என் கை தன்னால் அந்தக் கரண்டியைப் பிடிக்கப் போனது. பட்டென்று ஒரு அடி போட்டாள்.

“போர்டுல பசங்க கணக்கைத் தப்பாப் போடுறப்ப நான் ஓடிப்போய் சாக்பீஸைப் புடுங்கினா, வருஷா வருஷம் நான்தாங்க பாஸ் ஆவேன்” என்றாள். “கையைக் கட்டிக்கிட்டு நில்லுங்க. பாக்கச் சகிக்காது. பாத்துத்தான் ஆகணும்.”

அவளுக்கு இவ்வளவு தத்துவம் தெரியும் என்பதை இத்தனை வருஷம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “நீங்க எங்க கேட்டீங்க?” என்றாள். தோசை தீய்ந்த வாசனை வந்ததால் பேச்சு அதோடு நின்றது.

கடைசிப் பார்வை நாளன்று வயலினை வீட்டு பீரோ மேலேயே வைத்துவிட்டேன். ஆனால் பெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டேன். வெறும் பெட்டி. அது தோளில் இல்லாமல் தெருவில் இறங்கினால் சட்டை போடாமல் போவதுபோல இருந்தது. வழியில் நெல் கொள்முதல் நிலையத்துக்கு முன்னால் டிராக்டர்கள் வரிசை கட்டி ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றதில் பஸ் நகரவே இல்லை. ஊரே எனக்காகச் சதி செய்கிறது, இன்றைக்குப் பாடம் ரத்து என்று ஒரு சந்தோஷம்கூட வந்தது. டிரைவர் எப்படியோ வண்டியை வெட்டி வெளியே எடுத்துவிட்டார். எனக்கு அந்த மனுஷன் மேல் அப்படி ஒரு கோபம்.

வகுப்பில் மேடம் ஏற்கெனவே பின்னால் உட்கார்ந்திருந்தார். காற்றில் வில் ஓட்டிய பெண் முதலில் கவனித்தாள்.

“சார், உங்க வயலின் எங்க?”

உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் என் வாய் இருக்கிறதே. “ரிப்பேர்” என்றேன்.

அவள் திரும்பிப் பின்னால் இருந்த மேடத்தைப் பார்த்தாள். பக்கத்திலிருந்தவளிடம் ஏதோ குசுகுசுத்தாள். அது வரிசை வரிசையாகப் பின்னால் போனது. இன்ஸ்பெக்‌ஷன் அன்றைக்குப் பார்த்து சாரின் வயலின் ரிப்பேர், சார் மாட்டிக்கொண்டார். எல்லார் முகத்திலும் பரிதாபம் வந்துவிட்டது. ஒரு பையன், “பயப்படாதீங்க சார், நாங்க வாசிக்கிறோம்” என்றான். வாழ்நாளில் என்னிடம் யாரும் இப்படிச் சொன்னதில்லை. பாடகர்களிடம் நான் சொல்கிற வசனம் அது.

கையால் தாளம் போட ஆரம்பித்தேன். வாயால் ஸ ரி க ம பாடினேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. இனிமையாக இருந்தது என்று சொல்லமாட்டேன். பிள்ளைகள் வில்லைக் கம்பியில் வைத்து அழுத்தினார்கள்.

அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதில்லை. தகரக் கதவுகள் ஒன்றாகத் திறந்ததுபோல இருந்தது. பின்னால் அறுவடை மிஷின் ஓடியிருந்தால்கூடக் கேட்டிருக்காது. என் இடதுகை விரல்கள் வேட்டி மடிப்பின் மேல் தன்பாட்டுக்கு வாசித்துக்கொண்டிருந்தன. அதை வலதுகையால் தட்டி அடக்கினேன், தாளம் விட்டுப்போயிற்று, மறுபடி பிடித்தேன். முன்வரிசைப் பெண் தான் வாசித்த ‘க’வை, அந்தக் காந்தாரத்தைக் கேட்டு மூக்கைச் சுளித்தாள். மனைவி சொன்னபடி கையைக் கட்டிக்கொள்ளவும் முடியவில்லை, தாளம் போட வேண்டியிருந்தது. அவள் விரலைக் கொஞ்சம் நகர்த்தினாள். இன்னும் கொஞ்சம். அடுத்த சுற்றில் அந்த இடம் ஓரளவு காந்தாரம் மாதிரி இருந்தது. பக்கத்தில் இருந்தவள் அதைப் பார்த்துத் தன் விரலையும் நகர்த்தினாள். அவளுடையது மோசமாகிவிட்டது.

தலைமையாசிரியர் வராண்டாவில் ஓடிவந்து எட்டிப் பார்த்தார். என்னைப் பார்த்தார், பிள்ளைகளைப் பார்த்தார், போய்விட்டார்.

முதல் சரளி வரிசையைச் சேர்ந்தே முடித்தார்கள். இரண்டாவதைக் கிட்டத்தட்டச் சேர்ந்து முடித்தார்கள். மூன்றாவதில் பாதி பேர் ஒரு பக்கமும் பாதி பேர் இன்னொரு பக்கமுமாகப் பிரிந்து, வேறு வேறு நேரத்தில் வந்து நின்றார்கள். நான் ஒரு கம்பியைக்கூடத் தொடவில்லை. மேடம் தாளில் ‘தேர்ச்சி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.