கடலுக்கடியில் ஒரு ‘ஆமாங்க’

2025 பிப்ரவரி 21, வெள்ளிக்கிழமை. வழக்கம்போல ஐந்தரைக்கு எழுந்து கோழி ஷெட்டுகளை ஒரு சுற்று வந்தேன். தண்ணீர்க் குழாய்களில் கசிவு இல்லை. முட்டை எடுக்கும் பெண்கள் ஏழு மணிக்கு வந்தார்கள். கூண்டுக்கு அடியில் உருண்டு கிடந்த சில முட்டைகள் என்று இட்டவை எனத் தெரியாததால், வழக்கப்படி ஒரு வாளித் தண்ணீரில் போட்டுப் பார்த்தேன். அடியில் படுத்தவை சமையலறைக்கு, மிதந்தவை குப்பைக் குழிக்கு. உள்ளே காற்று சேர்ந்துவிட்ட முட்டைதான் மிதக்கும். அதுதான் கூமுட்டை.

என் கணவர் பின்னால் நின்று வாளியை எட்டிப் பார்த்தார். “நாளைக்கி நீ மெதக்காம இருந்தாச் செரி, அம்மணி” என்றார்.

அவர் கேலிக்குக் காரணம் உண்டு. சில வருடங்களுக்கு முன் புதுச்சேரிக்குச் சுற்றுலா போன இடத்தில், காற்று சிலிண்டரை முதுகில் கட்டிக்கொண்டு கடலுக்குள் மூழ்கிப் பார்த்தேன். பிடித்துப்போய், முறையாகவே கற்றுக்கொண்டேன். கரையிலிருந்து படகில் ஒரு மணி நேரம் போனால், கடலடியில் ஒரு பழைய சரக்குக் கப்பல் கிடக்கிறது. மழைக்காலம் முடிந்து கடல் தெளிந்ததும், பிப்ரவரியில்தான் அங்கே முதலில் இறங்குவார்கள். போன வருடம் நானும் இறங்கினேன். கப்பலைப் பார்க்கவில்லை.

நாமக்கல் பக்கம் கிணற்றில் நீந்தப் பழகியவர்களுக்கு ஒரு பழக்கம் ஊறிப்போயிருக்கும். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து, இறுகப் பிடித்துக்கொண்டு முங்க வேண்டும். அடியிலிருந்து ஒரு பிடி சேற்றை அள்ளி வந்து காட்டினால்தான் முங்கியதாகக் கணக்கு. சிலிண்டரோடு மூழ்கும்போது முதல் விதியே இதற்கு நேர்மாறு. ஒரு கணமும் மூச்சை அடக்கக் கூடாது. எனக்கு விதி மனப்பாடம். ஆழம் குறைவான இடங்களில் சரியாகத்தான் செய்தேன். ஆனால் போன வருடம், கப்பலுக்குப் போகும் கயிற்றின் பாதியில், கீழே கறுப்பாக ஏதோ தெரிந்ததும் நெஞ்சு தானாகப் பூட்டிக்கொண்டது. மேலே எழும்பத் தொடங்கினேன். பயிற்சியாளர் காலைப் பிடித்து நிறுத்தி, மெதுவாக மேலே கூட்டிவந்தார். மீனவர் வீட்டுப் பெண்; என்னைவிட இருபது வயது இளையவர்.

“காத்தை உள்ள வச்சிக்கிட்டு மேல ஏறினா நுரையீரல் கிழிஞ்சிடும் அக்கா. ஏதாவது சொல்லிக்கிட்டே மூச்சை விட்டுப் பழகுங்க. பேசிக்கிட்டே மூச்சை அடக்க முடியாது. அடுத்த வருசமும் இப்படின்னா கரையோரம் மட்டும்தான், கப்பல் கிடையாது” என்றார்.

அன்றிலிருந்து வீட்டில் என் பெயர் கூமுட்டை.

பண்ணைக் கிணற்றின் படியில் கழுத்தளவு நீரில் நின்று, வாயில் மூச்சு விடும் குழாயைக் கவ்வி, முகத்தை அமிழ்த்தி, வருடம் முழுக்கப் பழகினேன். எண்களைச் சொன்னால் ஒவ்வொரு எண்ணுக்கும் நடுவில் மூச்சு நின்றது. நான் அதிகம் சொல்லும் சொல் ‘இல்லீங்க’, அதையும் முயன்றேன். ‘இ’யிலேயே தொண்டை அடைத்துக்கொண்டது. ‘ஆமாங்க’தான் சரிப்பட்டது. குழாய்க்குள் ‘மா’ கரைந்துபோய் ‘ஆஆங்க’ என்றுதான் வரும். ஆனால் நீண்ட ‘ஆ’வில் உள்ளிருந்த காற்றெல்லாம் வெளியேறிவிடும். இதை யாரிடமும் சொல்லவில்லை.

வெள்ளி மதியம் காரில் கிளம்பினோம். “நாலு மணி நேரத்துல போயிரலாம்” என்றார் கணவர்.

“இல்லீங்க, அஞ்சு ஆகும்.”

“சேலத்துல காப்பி குடிச்சுட்டே போயிரலாம்.”

“இல்லீங்க, அப்ப அஞ்சரை.”

சனிக்கிழமை காலை கடல் தெளிவாக இருந்தது. வாழ்நாளில் பாதியை முட்டை லாரியில் கழித்த என் கணவர், படகு கிளம்பிய சிறிது நேரத்திலேயே எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு சுருண்டுவிட்டார். “மேல வந்தீன்னா வாளி ரெடியா இருக்குது” என்று மட்டும் முனகினார்.

நானும் பயிற்சியாளரும் கயிற்றைப் பிடித்து இறங்கினோம். ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு ‘ஆமாங்க’. போன வருடம் திரும்பிய இடம் கடந்துபோயிற்று. அதற்கும் கீழே, பச்சை வெளிச்சத்தில், கப்பலின் பக்கவாட்டு இரும்பு முழுவதும் சிப்பி மூடி, ஒரு சுவர்போல எழுந்து நின்றது. அதிலிருந்த ஓர் ஓட்டையை நோக்கிக் குனிந்தேன். உள்ளேயிருந்து பெரிய களவா மீன் ஒன்று வாயைத் திறந்தபடி என் முகத்துக்கு நேரே வந்தது.

நெஞ்சு பூட்டிக்கொண்டது. உடல் லேசாக எழும்பியது. பயிற்சியாளர் என் கண்ணைப் பார்க்கவில்லை; என் குமிழிகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவை நின்றுபோயிருந்தன. அவர் கை என் பக்கம் நீண்டது.

“ஆஆங்க” என்றேன், அந்த மீனிடம்.

குமிழிகள் கொத்தாகப் போயின. நான் இறங்கினேன், மெல்ல, கப்பலின் தளத்துக்கு நேராக வரும்வரை. நீட்டிய கையை அவர் மடக்கி, விரலால் வட்டம் காட்டினார். எல்லாம் சரி என்று அர்த்தம். களவா திரும்பித் தன் ஓட்டைக்குள் போயிற்று. முன்பக்கத்திலிருந்து பின்பக்கம்வரை கப்பலைச் சுற்றிப் பார்த்தோம். நங்கூரச் சங்கிலியின் ஒரு வளையம் எங்கள் தீவன வண்டிச் சக்கரம் அளவு இருந்தது.

படகில் ஏறியதும் ‘ஆமாங்க’ விஷயத்தைச் சொல்லிவிட்டேன். கணவர் எலுமிச்சம்பழத்தை இறக்கினார்.

“கேளு சாமி இந்தக் கதைய” என்றார் பயிற்சியாளரிடம். “கண்ணாலம் கட்டுன நாள்ல இருந்து எனக்கு இல்லீங்கதான். இவ ஆமாங்கன்னு சொல்லோணும்னா நான் மீனாத்தான் பொறக்கோணுமாட்ட இருக்குது!”

கணவர் சிரித்து முடிப்பதற்குள் வாளி தேவைப்பட்டது. அவருக்குத்தான்.

அன்றிரவே பண்ணைக்குத் திரும்பிவிட்டோம். ஞாயிற்றுக்கிழமை காலை முதல் வேலையாக, ஷெட்டுக்குப் போவதற்கு முன்பே, கிணற்றடித் தொட்டியில் நல்ல தண்ணீர் விட்டு, மாஸ்க்கையும் நீச்சல் உடையையும் அலசிக் கொடியில் போட்டேன். உள்ளேயிருந்து கணவர் குரல் கொடுத்தார்.

“ஏனம்மணி, உப்பெல்லாம் போயிருச்சா?”

“ஆமாங்க” என்றேன்.

காப்பி டம்ளரோடு வாசலுக்கு வந்து, சொன்னது யார் என்று நாலாபக்கமும் தேடினார்.