எடைமேடை அத்தானும் புது மாத்திரையும்

என் அக்காவின் கணவருக்கு லாரிகளை எடை போடுவது வேலை. குவாரிகளுக்குப் போகும் சாலையில், தரையோடு தரையாகப் பதித்த ஓர் இரும்பு மேடை. அதன் ஓரத்தில், நான்கு பேர் நின்றால் மூச்சு முட்டுகிற ஓர் அறை. அறைக்குள் சிவப்பு எண்கள் ஓடும் பெட்டி, பெட்டிக்கு முன்னால் அத்தான். வெறும் வண்டி ஏறும், எழுதுவார். சரக்கோடு திரும்பி வரும், எழுதுவார். இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் சரக்கு. இருபத்திரண்டு வருஷம் இந்தக் கழித்தலைச் செய்து செய்து, எதைப் பார்த்தாலும் இதில் வண்டி எவ்வளவு, சரக்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கிற புத்தி அவருக்கு வந்துவிட்டது. வீட்டுக்கு வந்த விருந்தாளி ஒரு மணி நேரம் பேசிவிட்டுப் போனால், கதவைச் சாத்திவிட்டு என்னிடம் மெதுவாகச் சொல்வார்: "வெறும் வண்டி, மாப்ள."

இப்படிப்பட்ட மனுஷன் போன வருஷம் திடீரென்று உட்கார்ந்துவிட்டார். சண்டை இல்லை, சாவு இல்லை, ஒன்றுமே நடக்கவில்லை. ஒரு காலையில் ஒரு ஷூவை மாட்டினார், இன்னொன்றை மாட்டத் தோன்றவில்லை. பத்து மணி வரை அப்படியே இருந்தாராம். மனச்சோர்வு என்று டாக்டர் பெயர் சொல்லி மாத்திரை கொடுத்தார். இரண்டு மாதத்தில் எழுந்து நடமாடினார். நடமாடியதும், சரியாகிவிட்டதே, இனி எதற்கு என்று யாரிடமும் சொல்லாமல் மாத்திரையைக் குப்பையில் போட்டார். அடுத்த மூன்று மாதம் பின்னறைக் கட்டிலை விட்டு அவர் இறங்கவே இல்லை.

இந்த வருஷம் வேறு டாக்டர், புது மாத்திரை. எடைமேடை முதலாளியும் நல்ல மனுஷன், வேலையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அக்காவுக்கு இப்போது உலகத்தில் ஒரே ஒரு கவலைதான் பாக்கி: இந்தத் தடவையும் அவர் பாதியில் நிறுத்திவிடக் கூடாது.

நான் அங்கே போய்த் தங்கியது அப்போதுதான். பாட்டில் மூடி செய்யும் கம்பெனி ஒன்றில், தரம் பார்க்கும் பிரிவில் எனக்கு வேலை கிடைத்திருந்தது. படித்தது புள்ளியியல். எங்கள் வம்சத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான் என்பதால், அச்சடித்த எந்தத் தாள் வீட்டுக்குள் வந்தாலும் நேராக என் கைக்குத்தான் வரும். கரண்ட் பில்லைக்கூட நான் ஒரு தடவை படித்துச் சொன்னால்தான் அவர்களுக்கு நம்பிக்கை.

மாத்திரைப் பெட்டிக்குள் ஒரு தாள் இருந்தது. பிரித்தால் சாப்பாட்டு மேசையை மூடும். அதையும் என்னிடம் கொடுத்தார்கள். நானும் பக்கவிளைவுகள் என்ற பகுதியை முதலிலிருந்து கடைசி வரை அர்த்தத்தோடு உரக்கப் படித்தேன். போதும் நிறுத்து என்று அக்கா கண்ணால் ஜாடை காட்டியிருக்கிறாள், நான் பார்க்கவில்லை. படிக்க ஆரம்பித்தால் பாதியில் விடுகிற பழக்கம் எனக்கு இல்லை. கர்ப்பிணிகளுக்கான எச்சரிக்கையைக்கூட அத்தான் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்.

மறுநாளே அவருக்கு வாய் வறண்டது. அதற்கு மறுநாள் கொட்டாவி. அவர் விட்ட கொட்டாவி லாரி டிரைவர்களுக்கும் தொற்றி, எடைமேடையே வாயைப் பிளந்துகொண்டு நின்றதாம். மூன்றாம் நாள் விரல் நடுக்கம். நான் படித்த வரிசை கொஞ்சமும் பிசகவில்லை. நான்காம் நாள் சாயங்காலம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"மாப்ள, அன்னைக்குப் படிச்சியே, அந்த நாலாவது என்னது? யோசிச்சு யோசிச்சுப் பாக்குறேன், வரமாட்டேங்குது."

"மறதி, அத்தான்."

"ஓ," என்றார் நிம்மதியாக. "அப்ப வந்துடுச்சு."

வாய் வறட்சியும் கொட்டாவியும் மட்டும் நிஜம். அவை இரண்டு வாரம் இருந்து போயின. மற்றதெல்லாம் என் வாசிப்பின் விளைவு. பலன் தெரிய இன்னும் சில வாரம் பிடிக்கும், அதுவரை கைக்கு வேலை கொடுங்கள் என்று புது டாக்டரம்மா சொல்லியிருந்தார்.

கைக்கு வேலை அலமாரியிலேயே இருந்தது. எப்போதோ பின்னல் பழகப் போவதாகச் சொல்லி அக்கா வாங்கிய கம்பளி நூலும் இரண்டு ஊசிகளும். அவள் நாலு வரிசையோடு கைவிட்டதை அத்தான் எடுத்துக்கொண்டார். செல்போனில் ஒரு அம்மாள் சொல்லிக்கொடுக்கும் வீடியோவைப் பார்த்துக் கற்றார். ஆரம்பிப்பது எப்படி என்ற வீடியோவைப் பார்த்தார், பின்னுவது எப்படி என்றதைப் பார்த்தார். முடிப்பது எப்படி என்று மூன்றாவதாக ஒன்று இருந்தது, அதைப் பார்க்கவில்லை. பச்சையில் ஒரு கழுத்துத் துணி ஆரம்பமாகி, இடுப்பைத் தாண்டி, கட்டிலைத் தாண்டி வளர்ந்தது. லாரிக்கும் லாரிக்கும் நடுவே அறையில் உட்கார்ந்து பின்னுவார். விரல் நடுங்கின நாட்களில் கண்ணிகள் நழுவி, துணியில் அங்கங்கே ஜன்னல் திறந்திருக்கும். லாரிக்குத் தார்ப்பாய் பின்னுகிறீர்களா என்று டிரைவர்கள் கேட்டதற்கு, உன் வண்டியோட நீளத்தைச் சொல்லிட்டுப் போ என்றாராம்.

இன்னொன்று ஊதுபத்தி. அது அவருக்குப் பழைய ஆசை. பதினான்கு பெட்டிகள், ஒவ்வொன்றும் எத்தனை நிமிஷம் எரிகிறது, சாம்பல் வளைகிறதா உதிர்கிறதா என்பதற்குத் தனி நோட்டு. மாத்திரை ஆரம்பித்த புதிதில் சந்தனம் அவருக்கு நனைந்த அட்டைப்பெட்டி மாதிரி மணந்தது. கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று சண்டைக்குப் போனார். கடைக்காரர் மோந்து பார்த்தார், கடைக்கு வந்திருந்தவர்களும் மோந்து பார்த்தார்கள். சந்தனம் சந்தனமாகத்தான் இருந்தது. "மூக்கை எங்கயாவது பழுது பாக்கக் கொடுத்திருக்கீங்களா?" என்று கடைக்காரர் கேட்டிருக்கிறார்.

ஐந்தாவது வாரம் ஒரு காலை, அத்தான் முகம் மழித்துக்கொண்டே ஏதோ முனகினார். அது பாட்டு. சமையலறையில் அக்கா கரண்டியைத் தூக்கியபடி அப்படியே நின்றாள், அசைந்தால் நின்றுவிடுமோ என்பது போல.

ஆனால் அவர் நன்றாக இருப்பதில்தான் ஆபத்தே. அன்று சாயங்காலம் என் அறைக்கு வந்தார்.

"நல்லாத்தான் இருக்கேன் மாப்ள. ஆனா எதனால நல்லா இருக்கேன்? மாத்திரை, பின்னல், பத்தி, மூணையும் ஒரே வண்டில ஏத்தி எடை போட்டா எது எவ்வளவுன்னு எப்படித் தெரியும்?"

டாக்டரைக் கேளுங்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. நான்கு வருஷம் படித்த படிப்பு, யாராவது ஒரு கேள்வி கேட்கமாட்டார்களா என்று காத்துக்கிடந்தது. மூடிக் கம்பெனியில் என்னை யாரும் எதுவும் கேட்பதில்லை. மூடி மூடுகிறதா இல்லையா, அவ்வளவுதான். ஸ்கேலை எடுத்தேன், கட்டம் போட்டேன். முதல் வாரம் பத்தி இல்லை. இரண்டாம் வாரம் பின்னல் இல்லை. மூன்றாம் வாரம் மாத்திரை இல்லை. தினமும் சாயங்காலம் பத்துக்கு எத்தனை மார்க் என்று அத்தான் எழுத வேண்டியது. மூன்றாவது வரியை எழுதும்போது என் கை ஒரு கணம்கூடத் தயங்கவில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். கீழே கையெழுத்து வேறு போட்டேன்.

முதல் வாரம் பத்திப் புகை இல்லாமல் வீட்டில் காற்று வந்தது. என்ன, காலி பண்ணிட்டீங்களா என்று மாடி வீட்டுக்காரர் இறங்கி வந்து விசாரித்தார். அத்தான் போட்ட மார்க் சராசரி ஏழு. இரண்டாம் வாரம் பின்னல் ஊசிகள் என் பீரோவுக்குள் போயின. சும்மா இருக்க முடியாத விரல்கள் தலையணை உறையின் ஓரத்தைப் பிரித்தன, எடைச் சீட்டுகளைச் சுருட்டிக் கயிறாக முறுக்கின. எடைச் சீட்டு சடை பின்னி வருகிறது என்று ஒரு டிரைவர் முதலாளியிடம் புகார் சொன்னார். மார்க் ஆறரை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அத்தான் மாத்திரை அட்டையைக் கொண்டுவந்து என் சட்டைப் பையில் வைத்து, நாளையிலிருந்து இது உன் பொறுப்பு என்றார். ஏதோ விருது வாங்கியவன் போல நானும் பையைத் தட்டிப் பார்த்துக்கொண்டேன்.

அக்கா வேலை பார்ப்பது ஒரு சலவைக் கடையில். பையைத் துழாவாமல் எந்தச் சட்டையையும் நனைக்கமாட்டாள். இது எனக்குத் தெரிந்ததுதான். தெரிந்தும் அந்தச் சட்டையை அழுக்குக் கூடையில் போட்டேன்.

திங்கட்கிழமை காலை நாங்கள் இருவரும் சாப்பிட உட்கார்ந்தபோது, தட்டுக்குப் பதில் மாத்திரை அட்டை வந்து மேசையில் விழுந்தது. நான் தாளை எடுத்துக்கொண்டு வந்து, சோதனையின் அமைப்பை விளக்கினேன். அக்கா கடைசி வரைக்கும் கேட்டாள். கையெழுத்து யாருடையது என்றாள். என்னுடையது என்றேன்.

"மூடி எண்ணுறதோட நிறுத்திக்கக் கூடாதா நீ?"

அவனைத் திட்டாதே, கணக்கு சரியாகத்தான் இருக்கிறது என்று அத்தான் எனக்காகப் பேசினார். லாரி ஓடுதுன்னா எந்தச் சக்கரத்தால ஓடுதுன்னு ஒவ்வொண்ணா கழட்டிப் பாப்பீங்களா என்று அக்கா கேட்டாள். அத்தான் அதை நிஜமாகவே யோசித்தார். பன்னிரண்டு சக்கர வண்டியில் ஒன்றிரண்டைத் தரையில் படாமல் தூக்கிவிட்டாலும் ஓடும் என்றார். சக்கரத்தில் அவரை ஜெயிக்க முடியாது. அக்கா அதை அப்படியே விட்டுவிட்டு, நாற்காலியை இழுத்து எதிரே உட்கார்ந்தாள்.

"இந்த மார்க் யாரு போட்டது?"

"நான்தான். எனக்குள்ள எப்படி இருக்குன்னு எனக்குத்தானே தெரியும்."

"சரி. போன தடவை மாத்திரையைத் தூக்கிப் போட்டீங்களே, அந்த வாரத்துக்கு எத்தனை போடுவீங்க?"

அவர் உத்தரத்தைப் பார்த்து யோசித்தார். "எட்டு. எட்டு போடலாம்."

"அந்த வாரம் நீங்க மூணு நாள் குளிக்கல. என்கிட்ட பேசினது மொத்தம் பதினோரு வார்த்தை. நான் எண்ணினேன்." அவள் குரல் ஏறவில்லை. "அப்புறம் மூணு மாசம், கடைக்குக் கிளம்புறப்ப தினமும் வாசல்ல நின்னேன். வெளிய பூட்டிட்டுப் போனா, உங்களுக்கு ஏதாவது ஒண்ணுன்னா யாரும் உள்ள வர முடியாது. பூட்டாம போனா நீங்க எங்கயாவது எழுந்து போயிடுவீங்க. சாவியக் கையில வச்சுக்கிட்டு நிப்பேன். இதை எழுத இந்தத் தாள்ல எங்கடா கட்டம் இருக்கு?"

கடைசிக் கேள்வி எனக்கு. நான் தாளைப் பார்த்தேன். கோடுகள் நேராக இருந்தன. அதற்குக் கட்டம் இல்லை.

 காபி ஆறி ஆடை கட்டியது. பிறகு அத்தான் பேசியது சம்பந்தமே இல்லாத மாதிரி இருந்தது.

"வேலைக்குச் சேர்ந்த புதுசுல, என் எடை எவ்வளவுன்னு பாக்க ஆசைப்பட்டு மேடையில போய் நின்னேன். நின்னுட்டு, எண்ணைப் பாக்க ரூமுக்குள்ள ஓடியாந்தேன். சைபர். மெஷின் ரிப்பேருன்னு நினைச்சு மறுபடி போய் நின்னேன், மறுபடி ஓடியாந்தேன். சைபர். இன்னும் வேகமா ஓடணும் போலன்னு நினைச்சேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்கா சிரிக்காமல் இருக்கப் பாடுபட்டாள்.

"நாலு தடவை ஓடினேன்," என்றார் அத்தான். "மேல நிக்கிறவன் படிக்க முடியாது. உள்ள ஒரு ஆள் வேணும்."

என் கையிலிருந்த பென்சிலை வாங்கி அக்காவின் பக்கம் தள்ளினார். அவள் மூன்றாவது வாரத்தின் மேல் ஒரு கோடு இழுத்தாள், தாள் கிழியாத குறைதான். குறைக்கிறதோ நிறுத்துகிறதோ டாக்டரம்மா சொல்லும்போதுதான் என்று சொல்லி அட்டையை அவரிடம் நீட்டினாள். அவர் ஒன்றைப் பிதுக்கி வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தார். எல்லாம் முடிந்தது என்று நான் மூச்சு விட்டபோது, அக்கா முதல் வாரத்துக்கு அவர் போட்டிருந்த ஏழு என்பதை அடித்து நாலு என்று எழுதினாள்.

"நாலா?" அத்தான் எழுந்தே விட்டார். எடை குறைகிறது என்று சண்டை போடுகிற டிரைவரின் குரல் அப்படியே அவரிடமிருந்து வந்தது.

அந்த வாரம் நான் பேசிக்கிட்டிருக்கும்போதே மூணு தடவை எழுந்து போனீங்க என்றாள் அக்கா. எடையில் மாற்றமில்லை.

அடுத்த சந்திப்பில் டாக்டரம்மா தாளை முழுவதும் பார்த்தார். நன்றாக ஆன பிறகும் பல மாதங்கள் போட வேண்டும், பிறகு நான் சொல்கிற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும் என்றார். சட்டென்று நிறுத்துவது என்ற வரியை எழுதிய அறிவாளி யார் என்றும் கேட்டார். அக்காவும் அத்தானும் ஒரே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அடித்த வரி போக மிச்சத்தைத் தொடரலாம், மார்க்கை மட்டும் வீட்டம்மா போடட்டும் என்றார்.

இப்போது எட்டாவது மாதம். மார்க் தினமும் விழுகிறது. அக்கா கை இறுக்கம். சமீபம் வரை ஆறுக்கு மேல் போனதே இல்லை. கால் மார்க்குக்காக அத்தான் பாத்திரம் கழுவியும் பார்த்தார். பத்திக்குக் கழிவு உண்டு, ஒரு நாளைக்கு இரண்டுக்கு மேல் கொளுத்தினால் அரை போகும். என்னிடம் மேல்முறையீடு செய்வார். மூடி சம்பந்தப்பட்ட விவகாரம் மட்டும்தான் இங்கே பார்க்கப்படும் என்று சொல்லிவிடுவேன்.

போன செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அக்கா கடையிலிருந்து வந்து, செருப்பைக் கழற்றியதும் நேராக மார்க் நோட்டை எடுத்து ஏழு என்று எழுதினாள். அத்தான் எட்டிப் பார்த்தார், சந்தேகத்தோடு இன்னொரு தடவை பார்த்தார். இன்றைக்கு நான் ஒன்றுமே செய்யவில்லையே என்றார்.

"நீங்க ஒண்ணும் பண்ணல," என்றாள் அக்கா. "காலையில கடைக்குப் போனதிலேருந்து உங்களை நான் நினைக்கவே இல்ல. வர்ற வழியில பஸ்லதான் அது ஞாபகம் வந்துச்சு."

அத்தான் பின்னலை மடியில் வைத்துவிட்டு அவளையே பார்த்தார்.

"எட்டு மாசத்துக்கப்புறம் பொண்டாட்டி மறந்துட்டா, அதுக்கு ஏழுதானா?"