அவள் காப்பை அறுத்தாள், ஆத்தா கைவிடவில்லை

தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் ஆண்டோடு நின்றவன் நான். எண்ணெய்க்குச் செம்பனைக் குலை வெட்டினேன். ஒரு பழைய லோரி வாங்கினேன், அது மூன்று லோரியானது. சிரம்பான் பக்கத்துச் சுவாவில் மாடி வீடு கட்டினேன். முதலாளி தோட்டத்தை விற்றபோது நம் மாரியம்மன் கோயிலை இடிக்க வந்தார்கள். என் லோரியில்தான் ஆத்தாளை ஏற்றி வந்தேன். இப்போது இருக்கும் இடத்தில் சிமெண்டுக் கூரை போட்டு உட்கார வைத்தேன். கை கொடுத்தோம் என்று இன்று சொல்லித் திரிகிறவர்கள் அன்று வீட்டில் படுத்துக் கிடந்தார்கள்.

இத்தனையும் செய்தவனை என் கடைசி மகள் யோகேஸ்வரி தலைகுனிய வைத்தாள். அவளுக்குச் சிரம்பானில் கணினி நெட்வொர்க் பார்க்கும் வேலை. ஒப்பந்த வேலைதான். நெட்வொர்க் மேல்நிலைச் சான்றிதழ்ப் பரீட்சையில் தேறினால் நிரந்தரம், இல்லையென்றால் வருஷக் கடைசியில் வெளியே என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். இரண்டு முறை எழுதினாள். இரண்டு முறையும் கோட்டை விட்டாள்.

அதே வருஷம் என் தம்பி மணியத்தின் மகன் தினேஷ் மூன்று கணினிச் சான்றிதழ் வாங்கினான். மணியம் அதைக் கோயிலில் பார்க்கிறவனிடமெல்லாம் சொன்னான். எனக்கு வயிறு எரிந்தது. ஒரு வெள்ளிக்கிழமை, பிரசாத வரிசையில் எல்லார் முன்னாலும் மகளைக் கேட்டேன்.

"அவன் மூணு பாஸு. நீ ஒண்ணுக்கே முக்குற. ரெண்டு பேரும் சோறுதானே திங்கிறீங்க?"

"அப்பா, அவன் எழுதுனது தொடக்கப் பரீட்சை. நாலு பதில் குடுப்பாங்க, சரியானத தட்டணும். நான் எழுதுறதுல நெட்வொர்க்க உடைச்சு வச்சிருப்பாங்க. எங்க உடைஞ்சிருக்குன்னு நேரத்துக்குள்ள தேடிச் சரி பண்ணணும். உங்க கணக்குல சொன்னா, அவன் வெட்டுனது கட்டை மரம். நான் நெட்டை மரத்தடியில நிக்கிறேன்."

"ஆமா பெரியப்பா, அக்காவோடது ரொம்ப சுசாலா, அவ்ளோ கஷ்டம், நானெல்லாம் தொடவே முடியாது" என்றான் தினேஷ்.

கட்டை மரத்தில் குலை இடுப்பு உயரத்தில் இருக்கும். உளியால் குத்தித் தள்ளிவிடலாம். நெட்டை மரத்துக்கு நீளக் கம்பில் அரிவாள் கட்டி, கழுத்து ஒடிய அண்ணாந்து வெட்ட வேண்டும். குலை தலையில் விழுந்து செத்தவனை நான் தூக்கியிருக்கிறேன். அவள் சொன்னது எனக்கு நன்றாகவே புரிந்தது. அதற்காக விடுவேனா?

"நெட்டை மரம் வெட்டத் துப்பில்லாதவளுக்கு அரிவா என்னாத்துக்கு? கீழ உதுந்த பழத்தப் பொறுக்கப் போ லா!"

வரிசையே சிரித்தது. மணியம்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தான்.

அதோடு அவள் கோயிலுக்கு வருவதை நிறுத்தினாள். சோற்றில் கையை வைத்துக்கொண்டு சுவரையே பார்ப்பாள். என் மனைவி அழுதாள். "ஏங்க, புள்ள மொகத்தப் பாருங்க. ஏதாச்சும் பண்ணிக்கிச்சின்னா?" அன்றுதான் எனக்குப் பயம் வந்தது. வேலையும் போய், பிள்ளையும் போய்விட்டால்? ஓடிப்போய் ஆத்தா முன்னால் விழுந்தேன். தாயே, இவளைத் தேற வை, தீச்சட்டி எடுக்கிறேன் என்று நேர்ந்துகொண்டேன்.

நம் கோயில் வழக்கம் உங்களுக்குத் தெரியும். மஞ்சள் கிழங்கு முடிந்த காப்பைக் கட்டினால், நேர்த்தியைச் செலுத்தும்வரை அவிழ்க்கக் கூடாது. நேர்ந்தவன் கையில்தான் கட்ட வேண்டும் என்று பூசாரி இழுத்தார். பரீட்சை எழுதப்போவது அவள் கைதானே என்று நான் அடித்துச் சொல்லி அவள் கையில் கட்ட வைத்தேன். "இத அவுத்தா என் வாசல மிதிக்காத" என்றும் சொன்னேன்.

பரீட்சைக்குக் கோலாலம்பூருக்கு நானே சின்ன லோரியில் கூட்டிப் போனேன். அவள் பரீட்சை அறை இருந்த மாடிக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் போன் வந்தது.

"அப்பா, கையில எதுவும் இருக்கக் கூடாதாம். கடிகாரம், கயிறு எல்லாத்தையும் கழட்டச் சொல்றாங்க."

"சாமி கயிறுன்னு சொல்லு."

"சொல்லிட்டேம்பா. ரூல்ஸாம்."

"அவுத்தா பாஸ் ஆவ மாட்ட. பாத்துக்க."

அவள் சொன்னாள்: "உள்ள போவாட்டியும் பாஸ் ஆவ மாட்டேம்பா." யாரிடமோ கத்தரிக்கோல் கேட்டாள். போன் நின்றது.

லோரியில் ஆத்தா படத்துக்குச் சுற்றியிருந்த மஞ்சள் துணியைக் கிழித்தேன். என் கையில் நானே கட்டி, பல்லால் முடிச்சை இறுக்கினேன். தாயே, அவள் அறுத்ததை என் கையில் ஏற்றிக்கொள் என்று கேட்டேன். செருப்பைக் கழற்றிவிட்டுக் கார் பார்க்கில் கொதிக்கிற தாரில் நின்றேன். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. பாதம் கொப்பளித்தது. அவள் வருவது தெரிந்ததும் சட்டைக் கையை இறக்கிவிட்டு, வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

"பாஸுப்பா! திரையிலேயே காட்டிருச்சி." கண்ணெல்லாம் தண்ணீர்.

"காப்பு எங்க?"

"குப்பைத் தொட்டியில."

"அப்ப பஸ் புடிச்சிப் போ."

வண்டியை எடுத்துவிட்டேன். சாமி பெயரால் சொன்ன வார்த்தையை மாற்ற எனக்குத் தெரியாது. அவள் சிரம்பானில் தோழி வீட்டுக்குப் போனாள். வேலை நிரந்தரமானது. இன்றுவரை அங்கேதான் இருக்கிறாள்.

திருவிழாவில் தீச்சட்டி எடுத்தேன். சட்டியை இறக்கியதும் மணியத்திடம் போனேன். "ஒன் மவன் மூணு கட்டை மரத்துல வெட்டுனான். எம் மவ நெட்டை மரத்துக் கொலைய எறக்கிட்டா. இப்ப சிரிடா." தினேஷ் தலையைக் குனிந்துகொண்டான். எனக்கு வயிறு குளிர்ந்தது.

அன்று அவளும் வந்திருந்தாள். மைக்கை வாங்கினாள். ஆத்தாளுக்கு நன்றி சொன்னாள். அம்மாவுக்குச் சொன்னாள். தினமும் வேலை முடிந்து கூட உட்கார்ந்து பயிற்சிக்குத் துணை நின்ற தம்பி தினேஷுக்குச் சொன்னாள். மைக்கைக் கொடுத்துவிட்டாள். ஜனம் கை தட்டியது. மணியம் திரும்பி என்னைப் பார்த்தான்.

ஆத்தாளின் பிள்ளைகளே, வேலை போகுமோ, பிள்ளை போகுமோ என்று தவிக்கிறீர்களா? ஆத்தா காலைப் பிடியுங்கள். பரீட்சையில் சின்னது பெரியது நமக்குத்தான், அவளுக்கு இல்லை. நான் அன்றோடு பீர் குடிப்பதை விட்டேன். வெள்ளிக்கிழமை தவறாமல் கோயிலைக் கூட்டுகிறேன்.

யோகேஸ்வரியைப் பாராட்டி மண்டபத்தில் பலகை வைக்கக் கமிட்டி முடிவு செய்திருக்கிறதாம். வையுங்கள். ஆனால் கார் பார்க்கில் வெறுங்காலோடு நின்றது யார் என்று அவளுக்குத் தெரியாது. நானாகப் போய்ச் சொல்ல மாட்டேன். பலகையைப் படித்துத் தெரிந்துகொள்ளட்டும். முதல் வரி ஆத்தாளுக்கு. இரண்டாவது வரியில் என் பெயர் வர வேண்டும், அவள் பெயருக்கு மேலே.