சித்தப்பாவின் கறுப்பு கார்டு

“என் கடைக்கு அட்டை வாங்க நான் ஒரு கண்ணாடிக் கடைக்காரன்கிட்டப் போய் நிக்கணும்! இதெல்லாம் ஒரு பொழைப்பா?”

மூன்று வருடமாகச் சித்தப்பா இதைச் சொல்லாத நாள் இல்லை. காலையில் ஷட்டரைத் தூக்கும்போது பாதி, மாலையில் இறக்கும்போது மீதி. கேட்க ஆள் இல்லாவிட்டால் லேமினேஷன் மெஷினிடம் சொல்வார். அது சூடாகும், எதிர்த்துப் பேசாது. வீட்டு ஆட்களைவிட அதன்மேல் அவருக்குப் பிரியம் அதிகம் என்றால் காரணம் அதுதான்.

மாடிப்படிக்குக் கீழே அந்த ஒரு மெஷினோடு ஆரம்பித்தவர். இப்போது இரண்டு அறை, நான்கு ஆட்கள், ஆபீஸுக்கும் தொழிற்சாலைக்கும் அடையாள அட்டை அடித்துக் கொடுக்கும் கம்பெனி. கம்பெனி வளர்ந்தது, பழக்கம் வளரவில்லை. எந்தத் தாள் கண்ணில் பட்டாலும் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு மெஷினில் விட்டுவிடுவார். கல்யாணச் சான்றிதழ், கரண்ட் பில் எல்லாம் லேமினேட் ஆகிவிட்டன. சித்தி எழுதிக் கொடுத்த மளிகைச் சீட்டையும் விடவில்லை. “அடுத்த மாசமும் இதே சாமான்தானே?” மகளின் லீவ் லெட்டரை அப்படி அனுப்பியதில், டீச்சர் கையெழுத்துப் போட முடியாமல் பேனா வழுக்கியது.

வெற்று அட்டையும் அச்சு ரிப்பனும் விற்கும் மொத்தக் கடையில் ஒரு நாள் கல்லாக்காரன் பணத்தோடு காணாமல் போனான். அன்றிலிருந்து அங்கே ரொக்கம் கிடையாது, கார்டு மட்டும்தான். சித்தப்பாவிடம் கார்டு இல்லை. சித்தியின் தம்பி, மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் மாமாவிடம் ஒரு நீலக் கார்டு இருந்தது.

மாமா தரமாட்டேன் என்று ஒருநாளும் சொன்னதில்லை. தருகிற விதம்தான் விஷயம்.

“வாங்க அத்தான், வாங்க! கார்டா? தர்றேன், தர்றேன், எங்க ஓடிடப் போறேன்? அஞ்சு நிமிஷம் உக்காருங்க. சும்மா உக்காராம அந்த போர்டுல எழுத்தைப் படிச்சிட்டு இருங்க. கடைசி வரி தெரியுதா?”

அந்த ஐந்து நிமிஷம் முக்கால் மணி நேரம் ஓடும். கடைசி வரி சித்தப்பாவுக்கு மனப்பாடம். பணத்தை அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார். கொடுத்து என்ன? எந்த வீட்டு விசேஷத்திலும் மாமா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, நாலு பேர் காதில் விழுகிற மாதிரி ஆரம்பிப்பார்: “அத்தான் கம்பெனி ஓஹோன்னு ஓடுது. என் கார்டுலதான் ஓடுது!”

இனி மாமாவின் கடைப் படி ஏறக் கூடாது, கம்பெனி பேரில் சொந்தமாக ஒரு கார்டு எடுத்தே தீர்வது என்று சித்தப்பா சபதம் எடுத்தார். கணக்கு வழக்கு பார்க்கும் சித்தி பத்து நிமிஷத்தில் வழி சொல்லிவிட்டாள்.

“வருஷக் கட்டணம் இல்லாத சாதாரண கார்டு ஒண்ணு எடுங்க. கட்டறதுக்கு எத்தனை நாள் கெடு, தவறினா வட்டி எவ்வளவு, இந்த ரெண்டை மட்டும் கேளுங்க. போதும்.”

“உனக்கு எல்லாமே அவசரம்” என்றார் சித்தப்பா. எட்டு மாதம் எடுத்துக்கொண்டார்.

ஐந்து பேங்குகளின் விளம்பரத் தாள்களைச் சேர்த்தார். லேமினேட் செய்தார். கொடி கட்டித் துணி காயப்போடுவது போல வரிசையாகத் தொங்கவிட்டார். கீழே நின்று அண்ணாந்து மாதக்கணக்கில் படித்தார். கடைசியில், டை கட்டிய பேங்க்காரர் ஒருவர் கடைக்கே வந்தார். ‘சார்’ என்று சொல்லாமல் அவருக்கு மூச்சு விடத் தெரியாது.

“இந்தக் கார்டு எடுத்தா சார், ஏர்போர்ட் லவுஞ்ச் ஃப்ரீ சார். வருஷத்துக்கு எட்டு தடவை சார்.”

“மிச்சம் வெச்சா அடுத்த வருஷத்துல சேத்துக் குடுப்பீங்களா?”

“சேராது சார். அடிக்கடி ஃப்ளைட்ல போவீங்களா சார்?”

“போனதே இல்ல. ஃப்ளைட் ஏறாம, சும்மா அந்த ரூமுக்கு மட்டும் வந்தா உள்ள விடுவாங்களா?”

பேங்க்காரர் டையைத் தளர்த்திக்கொண்டு பெட்ரோலுக்குத் தாவினார். “பெட்ரோல் போட்டா பாயிண்ட் வரும் சார்!”

“அவர் சைக்கிள்லதாங்க போறாரு” என்றாள் சித்தி.

“நாளைக்கே கார் வாங்க மாட்டேன்னு உனக்கு யாருடி சொன்னது?” என்று அவளை அடக்கிவிட்டு, சித்தப்பா குரலைத் தாழ்த்தினார். “சரி, இதுல பெரிய கார்டு எது?”

“கறுப்பு சார். அதுக்கு மேல கிடையாது சார்.”

“நீலம்?”

“நீலமா? அது புதுசா வர்ற எல்லாருக்கும் குடுக்கறது சார்.”

“இன்னொரு தடவை சொல்லுங்க.”

பேங்க்காரர் இன்னொரு தடவை சொன்னார். சித்தப்பா அங்கேயே கையெழுத்துப் போட்டார். கெடுவும் கேட்கவில்லை, வட்டியும் கேட்கவில்லை. வருஷக் கட்டணம் கடையின் இரண்டு மாதக் கரண்ட் பில்லுக்குச் சமம். பேங்க்காரர் அதோடு எழுந்து போயிருக்கலாம். போகிற போக்கில் ஒன்று சொன்னார்: “கறுப்புல கீறல் மட்டும் சீக்கிரம் தெரியும் சார். பாத்து வெச்சுக்கோங்க சார்.”

கார்டு கடைக்கு வந்த அன்று சித்தி அங்கே இல்லை, வீட்டில் இருந்தாள். தொழிற்சாலை ஒன்றுக்கு இரண்டாயிரம் அடையாள அட்டைகள் அந்த வாரத்துக்குள் தர வேண்டியிருந்தது. சித்தப்பா மாமாவுக்குப் போன் போட்டார்.

“மாப்ளே, நாளைக்குப் பத்து மணிக்கு மொத்தக் கடைக்கு வா. கார்டு கேக்கக் கூப்பிடலடா, காட்டக் கூப்பிடறேன்!”

பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார். கார்டின் பின்பக்கம் கையெழுத்துப் போட்டு, அது போதாது என்று கம்பெனி சீலையும் குத்தினார். அங்கிருந்த மூன்று இலக்க ரகசிய எண் சீலுக்குள் போய் மறைந்தது. கார்டைத் துடைத்து உறைக்குள் வைத்தார். மெஷின் விளக்கு பச்சைக்கு மாறியதும், ஊரிலேயே பெரிய கார்டை அதன் வாயில் கொடுத்தார்.

மறுநாள் மொத்தக் கடையில் மாமா முன்னால் அதை எடுத்து நீட்டினார். கார்டு பழைய செருப்பு மாதிரி வளைந்திருந்தது. சுற்றிலும் அரை விரல் அகலத்துக்குப் பிளாஸ்டிக். கடைக்காரர் மெஷினில் செருகப் பார்த்தார், நுழையவில்லை. ஓரத்தைக் கத்தரித்துப் பார்த்தார், தடிமன் விடவில்லை. மெஷின்மேல் வைத்துப் பார்த்தார், சத்தமே இல்லை. எண்ணைப் பார்த்து அடிக்கலாம் என்று பின்பக்கம் திருப்பினார். கம்பெனி சீல் பளிச்சென்று சிரித்தது.

“யாருங்க இப்படிப் பண்ணது?”

“எங்க கடையிலதான். நல்ல கனமான ஷீட்டு” என்றார் சித்தப்பா.

“இது செத்துடுச்சுங்க. பேங்க்ல சொல்லிப் புதுசு வாங்க பதினஞ்சு நாள் ஆகும்.”

இரண்டாயிரம் அட்டைகள் பதினைந்து நாள் காத்திருக்காது. யாரும் கேட்காமலே மாமா தன் பர்ஸை மெதுவாக, மிக மெதுவாக எடுத்தார். நீலக் கார்டு வெளியே வந்தது. மெஷின் ஒரே கீச்சோடு அதை ஏற்றுக்கொண்டது.

அட்டைப் பெட்டிகளை ஆட்டோவில் ஏற்றும்வரை மாமா பல்லைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். அதற்கு மேல் முடியவில்லை. “அத்தான், உலகத்துல எந்த மனுஷனாவது கிரெடிட் கார்டை லேமினேட் பண்ணுவானா?”

சித்தப்பா ஆட்டோவில் ஒரு காலை வைத்துக்கொண்டு திரும்பினார்.

“உன் கார்டை வெயில்ல வெச்சுப் பாருடா மாப்ளே. பேரு பாதி தேஞ்சு, மூலை பிஞ்சு, கையில வாங்கவே கூசுது. கண்டவன்கிட்டயெல்லாம் குடுத்து வாங்கினா அப்படித்தான் ஆகும். என்னுது இன்னும் இருபது வருஷம் கழிச்சும் இப்படியே பளபளன்னு இருக்கும், ஒரு கீறல் விழாது. சந்தேகமா இருந்தா தண்ணியில போட்டுப் பாரு!”