கராஜுக்குள் சுட்ட மீன்

சென்ற தை மாதம் எனக்குச் சத்திரசிகிச்சை முடிந்து மூன்று கிழமை. எதையும் வாயில் வைக்கப் பிடிக்கவில்லை. ஒருநாள் மத்தியானம், "சுட்ட மீன் எண்டால் கொஞ்சம் தின்னுவன் போல கிடக்கு" என்று கணவரிடம் சொல்லிவிட்டேன்.

கனடாவில் நாங்கள் இருக்கும் பிக்கரிங்கில் அன்று கடுங்குளிர். பின்வளவில் காற்றும் பனியுமாக இருந்ததால், சில்லுப் பூட்டிய எங்கள் செராமிக் கிரில்லை அவர் வீட்டோடு ஒட்டிய கார் கராஜுக்குள் உருட்டி வந்து கரி மூட்டினார். கதவைப் பாதி திறந்துதான் வைத்திருந்தார். நானும் போர்வையோடு பக்கத்தில் கதிரை போட்டு இருந்தேன். எத்தனையோ நாளுக்குப் பிறகு இருவரும் சிரித்துக் கதைத்தோம்.

சற்று நேரத்தில் எனக்குத் தலையிடித்தது. மருந்தின் வேலை என்று நினைத்துப் பேசாமல் இருந்தேன். அப்போது வீட்டுக்குள் கார்பன் மொனொக்சைட் அலாரம் அலறியது.

"எழும்பும், வெளியிலை வாரும்!" என்று அவர் கத்தினார். எனக்குக் கால் நிற்கவில்லை. போர்வையோடு என்னைத் தூக்கிப் போய், பனிக்குள் அணைத்தபடி நின்று அவசர உதவியை அழைத்தார்.

எரியும் கரியில் நிறமும் மணமும் இல்லாத நஞ்சுவாயு வரும், பாதிக் கதவு போதாது என்றார் வந்த தீயணைப்பு வீரர். ஆஸ்பத்திரியில் ஒட்சிசன் தந்தார்கள்.

"நானே உம்மைக் கொல்லப் பாத்திட்டன்" என்று அவர் கண் கலங்கினார்.

"தலையிடியைச் சொல்லாதது என்ரை பிழையப்பா" என்றேன்.

இப்போது எந்தக் குளிரிலும் கிரில் வீட்டிலிருந்து தள்ளி, வெட்டவெளியில்தான். உடம்புக்குச் சின்னதாக ஏதும் செய்தாலும் நான் மறைப்பதில்லை. அவர் மீனோடு உள்ளே வந்ததும், விறைத்த அவர் கை சூடாகும்வரை, முதல் துண்டுகளை நானே அவருக்கு ஊட்டிவிடுகிறேன்.