எடுக்குறேன், எடுத்துட்டேன்

என் அக்கா புருஷன் தும்முவதற்குக்கூட முன்னறிவிப்புக் கொடுக்கிற ஆள். தையல் மெஷின் ரிப்பேர் கடையில் இருந்தவரைப் பட்டாளத்தில் சேர்த்து, வெடிக்காமல் கிடக்கும் குண்டுகளைச் செயலிழக்க வைக்கும் பிரிவில் போட்டார்கள். அங்கே ஒரு விதி. குண்டருகே இருப்பவர் எதையும் தொடுமுன் ஃபோனில் 'எடுக்குறேன்' என்று சொல்ல வேண்டும். முடித்ததும் 'எடுத்துட்டேன்' என்று சொல்ல வேண்டும். இரண்டுக்கும் நடுவில் யாரும் அசையக் கூடாது. நடுவில் ஆள் போய்விட்டால், எந்த வேலை கொன்றது என்று அடுத்தவருக்குத் தெரிந்துவிடும். நல்ல ஏற்பாடுதான், செத்தவரைத் தவிர எல்லோருக்கும்.

லீவில் வந்தாலும் அந்தப் பழக்கம் விடாது. "கதவைத் திறக்குறேன்." தாழ்ப்பாள் சத்தம். "திறந்துட்டேன்." அக்கா தலையில் அடித்துக்கொள்வாள். நானும் சும்மா விடமாட்டேன். "மச்சான், நீங்க சாப்பிடுறேன்னு ஆரம்பிச்சு சாப்பிட்டுட்டேன்னு முடிக்கிறதுக்குள்ள நான் ஒரு தூக்கம் போட்டுடுவேன்." அவர் 'சிரிக்குறேன்' என்று சொல்லிவிட்டுத்தான் சிரிப்பார். அந்த மனுஷனை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

ஒரு பாலத்தடியில் குண்டு வெடித்துப் போய்ச் சேர்ந்தார். எங்களுக்குக் காட்ட உடம்பு மிஞ்சவில்லை.

அக்காவை என் வீட்டுக்கே கூட்டிவந்துவிடலாம் என்று வண்டியோடு போனேன். கூடத்து நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"சத்தம் போடாத. உன் மச்சான் கதவைத் திறக்குறேன்னு சொல்லியிருக்கார். திறந்துட்டேன்னு இன்னும் சொல்லல. அதுவரைக்கும் அசையக் கூடாதுல்ல?"

"உனக்கென்ன பித்தா பிடிச்சிருக்கு?" என்று எகிறினேன்.

அப்போது, நல்ல வெயில் நேரத்தில், மூடிய வாசல் கதவுக்கு வெளியே யாரோ தொண்டையைச் செருமினார்கள். "கதவைத் திறக்குறேன்." மச்சான் குரலேதான். தாழ்ப்பாள் அசையவில்லை. ஓடிப்போய்த் திறந்து பார்த்தேன். வாசலில் என் வண்டி மட்டும் நின்றது.

இவளை இப்படியே விட்டால் நாற்காலியிலேயே உயிரை விட்டுவிடுவாள் என்று பயந்தேன். மச்சானோடு அன்றைக்கு ஃபோன் லைனில் இருந்த கூட்டாளியைத் தேடிப்பிடித்து அழைத்துவந்தேன்.

"கடைசியா என்ன சொன்னார்?" என்று அக்கா அவரிடம் கேட்டாள்.

"இடப்பக்கத்து ஆணியை எடுக்குறேன்னார்க்கா. அப்புறம் ஒண்ணுமில்ல. நான் ரிசீவரைக் காதுல வச்சபடியே இருந்தேன். என் கையிலேருந்து பிடுங்கித்தான் எடுத்தாங்க."

"ஆள் போயிட்டா விதி என்ன?" என்றேன் நான்.

"லைன்ல இருக்கிறவன் அவருக்குப் பதிலா முடிச்சுச் சொல்லணும். அப்பதான் மத்தவங்க அசையலாம். எனக்கு வாய் வரல. இன்னைக்கு வரைக்கும் சொல்லல."

"இப்ப சொல்லுங்க."

"வேண்டாம்டா," என்றாள் அக்கா. நான் காதில் வாங்கவில்லை. அவள் எழுந்து வந்தால் போதும் எனக்கு.

கூட்டாளி எழுந்து கண்ணை மூடினார். வாய் அவருடையது, வந்த குரல் மச்சானுடையது. "ஆணியை எடுத்துட்டேன்." சொல்லி முடித்ததும் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்.

காத்திருந்தோம். வாசலில் எந்தக் குரலும் வரவில்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது. அவளைக் கூட்டிப்போக, அவள் பாயைச் சுருட்ட ஆரம்பித்தேன். அக்கா தானாகவே எழுந்தாள். கதவருகே போய்க் காதை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள்.

"அரைப் பேச்சாவது பேசிட்டு இருந்தார்," என்றாள். "அதையும் பிடுங்கிட்டியேடா."