இரும்பு அடுப்புக்கு இரண்டு அளவுக் கட்டை

இடது கை மூங்கில் குச்சியைக் கட்டையின்மேல் வைத்தது. குச்சியில் சின்னதாக ஒரு வெட்டு. அதற்கு நேராக வலது கை பாராங் கத்தியால் மரத்தோலில் ஒரு கோடு கீறியது. குச்சி இடுப்புக்குப் போனது. கால் கட்டையை மிதித்துக்கொள்ள, கைகள் ரம்பத்தைப் பிடித்தன. ரப்பர் மரம் லேசில் அறுபடும். பாதி காய்ந்தது மட்டும் ரம்பத்தைக் கடித்துக்கொள்ளும். கைகளுக்கு அது தெரியும், அவசரப்படவில்லை. துண்டு விழுந்ததும் குற்றிமேல் நிறுத்திக் கோடாலியால் ஒரு போடு, இரண்டாய்ப் பிளந்தது. பிளவுகளை மறுபடி குச்சியோடு சேர்த்து வைத்துப் பார்த்தன கைகள். ஒன்று நெல்லளவு நீண்டிருந்தது. அது தனியாகப் போனது, திரும்ப அறுக்க.

நெல்லளவுக்காக ஒரு விறகைத் திரும்ப அறுக்கும் பைத்தியம் மலாக்கா முழுக்க ஒன்றுதான் இருந்தது. பெயர் பூங்காவனம். வயது நாற்பத்திரண்டு. இருப்பு காஜா பெராங் சாலை ஓரம், ஒரு தகரக் கொட்டகை.

இந்தத் தொழிலை அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. திட்டித் தந்தார்கள். அவள் புருஷன் நடராஜனை ஜப்பான்காரன் சயாமில் ரயில் பாதை போடக் கொண்டுபோனான். ஆள் திரும்பவில்லை. வீட்டில் அவன் கோடாலி மிஞ்சியது. கோடாலி இருந்தால் விறகு வெட்டலாம் என்று கிளம்பியவள், முதல் சுமையை ரொட்டிக்கடை அலி அக்பரிடம் கொண்டுபோய் இறக்கினாள். ஒன்று முழங்கை நீளம், ஒன்று முழங்கால் நீளம், மற்றதெல்லாம் மனம்போன நீளம். அலி அக்பர் ஒவ்வொன்றாக வாசலுக்குத் திருப்பி எறிந்தார்.

"குடுத்ததத் தின்ன இது என்ன ஆடாம்மா? அடுப்பு! கதவு மூடணும்!"

அடுப்பு ஆறும்வரை காத்திருந்து, தலையை உள்ளே விட்டுப் பார்த்தாள். வெளியே வந்தபோது முகம் முழுக்கக் கரி, மண்டைக்குள் ஒரு சட்டம். கட்டை நீண்டால் கதவு மூடாது, புகை சமைப்பவர் கண்ணுக்கு வரும். குட்டையானால் நெருப்பு வாசலிலேயே உட்கார்ந்துகொள்ளும், கல்யாண வீட்டுப் பெரியப்பா மாதிரி. உள்ளே எவன் வேலை பார்ப்பான்? பின்வரிசை ரொட்டியெல்லாம் வெளுத்துக் கிடக்கும். ஆகவே அடுப்பின் உள்நீளத்தில் இரண்டு விரற்கடை குறைவு. அதுதான் கட்டை.

அதன்பிறகு ஊரில் எங்கே கதவு வைத்த அடுப்பு இருந்தாலும் மூங்கில் குச்சியோடு போய் நின்றாள். குச்சியை உள்ளே விட்டு, பின்சுவரில் முட்டியதும் வாயோரம் கிள்ளிப் பிடித்து நறுக்கிக்கொள்வாள். முனையிலிருந்து இரண்டு விரற்கடை தள்ளி ஒரு வெட்டு. கொட்டகைக் கூரையில் அப்படிப் பதினெட்டுக் குச்சிகள் தொங்கின. எது எந்த அடுப்பு என்பதற்கு அந்தந்த வீட்டுக் கந்தல் ஒன்று சுற்றியிருக்கும். ரொட்டிக்கடைக் குச்சிக்கு அலி அக்பரின் பழைய கைலி.

இன்னொரு விறகுக்காரர் அப்பாசாமிக்கு இந்தத் தொல்லை எதுவும் கிடையாது. அவர் மாட்டுவண்டியில் வருவது பக்காவ் கட்டை. கழிமுகத்துச் சேற்றில் வளரும் மரம், இரும்பு மாதிரி கெட்டி, நின்று எரியும். எல்லாம் ஒரே நீளம். மூன்று கல் அடுப்பு வைத்தவர்களுக்கு அது போதும். வால் வெளியே நீட்டிக்கொண்டு கிடக்கும், எரிய எரிய உள்ளே தள்ளினால் முடிந்தது. ஊரில் முக்கால்வாசி வீட்டில் மூன்று கல்தான். அதனால் அப்பாசாமி தன்னை விறகுக்கு ராஜா என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

அப்போது மலாயாவில் வெள்ளைக்காரன் கொடி இறங்கி ஐந்து மாதம்கூட ஆகவில்லை. ஊரைக் காலி செய்துகொண்டு போன துரை ஒருத்தர், தூக்க முடியாத ஒரே காரணத்தால் தன் இரும்பு அடுப்பை ஏலத்தில் விட்டுப்போனார். சுதந்திரத்தால் காஜா பெராங்குக்கு நேரடியாகக் கிடைத்த பொருள் அது ஒன்றுதான். ஏலம் எடுத்தவர் செட்டிக் கம்பத்து பாக்கியலட்சுமி பீபி. ஆறு பேர் சுமந்து வந்தார்கள். நிலைப்படியில் ஒரு செதில் போனது.

செட்டிக் கம்பத்துக்காரர்கள் சாமி கும்பிடுவது நம்மைப் போல, பேசுவது மலாய், மூத்த பெண்ணை மரியாதையாகக் கூப்பிடுவது பீபி. பீபி மலாயில் கேட்பார், பூங்காவனம் தமிழில் பதில் சொல்வாள். பதினைந்து வருடமாக இருவருக்கும் ஒரு சண்டைகூடப் பாதியில் நின்றதில்லை.

"பூங்கா, போகிக்கு எங்கள் வீட்டில் பர்ச்சு. இந்த அடுப்பில்தான் சமையல். கட்டை வெட்டித் தா" என்றார் பீபி.

பர்ச்சு என்றால் செத்துப்போன முன்னோருக்கு விருந்து. அவரவர் உயிரோடு இருந்தபோது ஆசைப்பட்டுத் தின்றதை வாழையிலையில் வைத்து, விளக்கேற்றிக் கூப்பிட வேண்டும். பொழுது சாயும் நேரத்தில் இலை தயாராக இருக்க வேண்டும். பீபி வீட்டு முன்னோர் நேரத்துக்கு வந்துவிடுவார்கள் என்று பெயர்.

பூங்காவனம் அளவு எடுத்துக்கொண்டு தெருவுக்கு வந்தபோது அப்பாசாமி வண்டியை நிறுத்தினார்.

"என்னம்மா, அடுப்புக்கு அளவு எடுக்கிறியா? காலர் வச்சுத் தைப்பியா, வைக்காமலா?"

"காலர் உங்களுக்குத்தாண்ணே வேணும். கழுத்தக் காணோம்."

"நாப்பது வருஷமா ஒரே கட்டதான் வெட்டறேன். எந்த அடுப்பும் அழுவல."

"அடுப்பு அழுவாது. ஊதற பொம்பளைங்கதான் அழுவுறாங்க."

தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். அப்பாசாமிக்கு முகம் சிவந்தது. "பெரிய இஞ்சினியரு! போகியன்னிக்கு அந்தக் கதவு மூடுதான்னு பாக்கத்தானே போறேன்" என்றார்.

அங்கேதான் பூங்காவனத்தின் நாக்கு அவளை முந்திக்கொண்டது. "பாருங்க. என் கட்டையில ஒண்ணு, ஒரே ஒண்ணு உள்ள போவாம கதவு தொறந்து நின்னா, இந்தக் கோடாலிய நானே கொண்டாந்து உங்க வண்டியில போடறேன்."

ஏழு பெண்கள் கேட்டார்கள். ஏழு பெண்கள் கேட்டால் வானொலியில் சொன்ன மாதிரி.

போகியன்று காலை அறுபது கட்டைகளைப் பீபி வீட்டுப் பின்கட்டில் அடுக்கிவிட்டு வந்தாள். மத்தியானம் இரண்டு மணிக்குப் பீபியின் குரல் சாலை வரை கேட்டது.

ஓடிப்போய்ப் பார்த்தால், சமையலறை முழுக்கப் புகை. அடுப்புக் கதவு நாக்கு தள்ளியது போல் திறந்து நிற்க, சில கட்டைகளின் நுனி இரண்டு விரற்கடை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. கோழிக் குழம்பு கொதிக்கவில்லை. தேங்காய்ப்பால் சோற்றுக்கு உலை வைத்தபடியே இருந்தது. பீபியின் கண்கள் மிளகாய்ப் பழம். பின்வாசலில் அப்பாசாமி, கல்யாணத்துக்கு வந்தவர் மாதிரி வெற்றிலை மென்றுகொண்டு.

"வாம்மா இஞ்சினியரு. கோடாலி எங்க?"

கோடாலி அவள் தோளில்தான் இருந்தது. சொன்ன சொல்லைத் திருப்பி எடுக்கும் பழக்கம் அவளுக்கு இல்லை. அளவு தப்பியிருந்தால் கொடுத்துவிட வேண்டியதுதான், நடராஜனுடையது என்றாலும். அதையும்விடத் தாங்காதது, தன் குச்சி பொய் சொல்லிவிட்டது என்ற நினைப்பு.

எரிகிற கட்டைகளை இடுக்கியால் இழுத்து மணலில் போட்டாள். இடுப்பிலிருந்து குச்சியை எடுத்து அடுப்புக்குள் விட்டாள், வலப்பக்கமாக. டொக். நான்கு விரற்கடை முன்னாலேயே நின்றுவிட்டது.

"அடுப்பு நாலு நாள்ல சுருங்கிருச்சு போல" என்றார் அப்பாசாமி. "வெள்ளக்காரன் பொருளுல்ல, அவன் போன ஏக்கம்."

அவள் குச்சியை இடப்பக்கம் விட்டாள். வழுக்கிக்கொண்டு போய்ப் பின்சுவரில் மோதியது. டிங். குச்சி முனையும் அடுப்பு வாயும் சரிசமம். மறுபடி வலப்பக்கம். டொக். மறுபடி இடப்பக்கம். டிங்.

நிமிர்ந்தாள். "பீபி, உள்ள கல்லு கெடக்கு. யாரு வச்சது?"

பீபி சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நான்தான். நேற்று சாயங்காலம். பழைய அடுப்புக் கல்லில் ஒன்று."

"எதுக்கு?"

"எதுக்கா? மாமியார் வருவாரே. அறுபது வருடம் அந்த மூன்று கல் முன்னால் உட்கார்ந்தவர். இந்த இரும்பைப் பார்த்தால் வீடு மாறி வந்துவிட்டோம் என்று திரும்பிப் போய்விடுவார். கல்லைப் பார்த்தால் அடையாளம் தெரியுமில்லையா?"

இது செட்டிக் கம்பத்து வழக்கமா என்றால் இல்லை. பீபிக்கு முந்தைய நாள் தோன்றியது. தோன்றியதைச் செய்துவிட்டால் அது அந்த வீட்டு வழக்கம்.

"திரும்பிப் போனா நல்லதுதானே பீபி? உங்களப் படுத்தின பாட்டுக்கு!"

"அடோய், மெதுவாகப் பேசு! வருகிற நேரம்!"

அப்பாசாமி விடவில்லை. "கல்லு கில்லெல்லாம் பேச்சுல இல்ல. உள்ள போவலன்னா கோடாலி. அதான் வாக்கு."

"சரிண்ணே. கல்ல எடுத்துட்டுப் போட்டுப் பாத்துருவோம். நீங்களே எடுங்க." இடுக்கியை நீட்டினாள். "எடுக்கறதுக்கு முன்ன பீபி மாமியார்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருங்க. கோவக்காரங்க."

அப்பாசாமி சுடுகாட்டைத் தாண்டும்போது உரக்கப் பாட்டுப் பாடிக்கொண்டு வண்டி ஓட்டுகிற ஆள். இடுக்கியைப் பார்த்தார். பீபியின் முகத்தைப் பார்த்தார். வெற்றிலைச் சாறு தொண்டையில் இறங்கிவிட, இருமிக்கொண்டு ஓரடி பின்னால் போனார்.

"வேணாமா? அப்ப இதப் பாருங்க." தன் கட்டையில் ஒன்றை எடுத்துக் கல்லுக்குப் பக்கத்தில், இடப்பக்கம் விட்டாள். முழுசாகப் போனது. கதவைத் தள்ளினாள். டக்.

வேலிக்கு அந்தப் பக்கம் இரண்டு குடங்கள் மோதிக்கொண்டன. ஏழு பேரில் இரண்டு பேராவது அங்கே இருந்திருக்க வேண்டும்.

அதோடு அவள் போயிருக்கலாம். கோடாலி பிழைத்தது, பெயர் பிழைத்தது. ஆனால் இடப்பக்கம் ஒரு வரிசையை மட்டும் எரித்துச் சோறு ஆக்குவதற்குள் முன்னோருக்கு இன்னொரு தடவை சாவு வந்துவிடும். பீபி கல்லைத் தொட விடமாட்டார். வெயில் வேலிக்குச் சாய ஆரம்பித்திருந்தது. பூங்காவனம் குச்சியில், பழைய வெட்டிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி, இன்னொரு வெட்டுப் போட்டாள்.

"அண்ணே, உங்க வண்டியில ரெண்டு பிடி ரம்பம் இருக்குல்ல?"

"இருந்தா?"

"எடுத்தாங்க. சும்மா நின்னா மாமியாரு யாருன்னு கேப்பாங்க."

ரம்பம் வந்தது. அறுபதில் இருபதை ஒதுக்கி வைத்தாள். மிச்சம் நாற்பதைப் பத்துப் பத்தாகக் கயிற்றால் இறுக்கிக் கட்டி, நுனிகளைக் குற்றிமேல் தட்டிச் சமமாக்கினாள். ஒரு கட்டுக்கு ஒரே அறுப்பு. மறுமுனையில் அப்பாசாமி.

"தள்ளாதீங்க. நான் இழுக்கறப்ப விட்டுக் குடுங்க."

"எனக்கேவா சொல்லித்தர்ற?"

"தள்ளிக்கிட்டுத்தானே இருக்கீங்க. வளையுது பாருங்க."

முதல் கட்டில் ரம்பம் இரண்டு தடவை மாட்டியது. மூன்றாவதில் அப்பாசாமி வாயை மூடிக்கொண்டார், ரம்பம் நேராக ஓடியது. நான்காவது விழுந்தபோது அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. நறுக்கி விழுந்த நான்கு விரற்கடைத் துண்டுகளைப் பூங்காவனம் முறத்தில் அள்ளிக் கொடுக்க, பீபி அவற்றைப் போட்டு நெருப்பைத் திரும்பப் பிடித்தார். இரும்பு சூடேறி முனகியது.

அப்பாசாமி ஒரு குட்டைக் கட்டையைக் கையில் எடுத்துப் புரட்டினார். குச்சியைக் கேட்டு வாங்கி, வைத்துப் பார்த்தார். மறுபடி ஒருமுறை வைத்துப் பார்த்தார்.

"சரியாத்தான் இருக்கு" என்றார், யாரோ பல்லைப் பிடுங்குவது போல.

"நெல்லளவு குறைச்சல். நீங்க தள்ளினது" என்றாள் அவள்.

குழம்பு கொதிக்கும் சத்தம் கேட்கத் தொடங்கியது. பூங்காவனம் கட்டைகளை இரண்டு அடுக்காகச் சுவரோரம் வைத்தாள். நீளமானவற்றுக்குப் பீபியின் பழைய சாரோங் கிழிசலில் ஒரு துண்டு கட்டினாள், குட்டையானவற்றுக்குக் கட்டவில்லை.

"துணி கட்டினது இடப்பக்கம். கட்டாதது கல்லுக்கு முன்னால. மாத்திப் போட்டீங்கன்னா உங்க மாமியாரு மூக்கப் பொத்திக்கிட்டுத்தான் சாப்பிடுவாங்க."

ஒவ்வொரு அடுக்கிலிருந்தும் ஒன்றை எடுத்துப் பீபியின் இரண்டு கைகளிலும் வைத்தாள். பீபி குனிந்து நீளமானதை இடப்பக்கமும், குட்டையானதைக் கல்லுக்கு முன்னாலும் விட்டு, கதவைத் தள்ளினார்.

டக்.